சத்தம் போடாத சிலிண்டர்

அளவுக் குவளைக்குள் கட்டைவிரலை விட்டு எண்ணெய் அளக்கிறவர்கள் ஒரு ரகம். விரலை வெளியே வைத்துச் சரியாக அளக்கிறவர்கள் இன்னொரு ரகம். தளும்பல்காரர் இந்த இரண்டிலும் சேராதவர். குவளை நிரம்பி, விளிம்பு தாண்டி, மணிக்கட்டில் வழிந்து முழங்கைக்கு வந்தால்தான் அவருக்கு அளந்த மாதிரி இருக்கும். அதற்கப்புறம்தான் அடுத்தவர் பாத்திரத்தில் சாய்ப்பார். ஊரார் வைத்த பெயர்தான் தளும்பல்காரர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். சைக்கிளின் பின்னால் மண்ணெண்ணெய் டின்னைக் கட்டிக்கொண்டு சந்து சந்தாகப் போனவர். அப்புறம் தள்ளுவண்டி. அப்புறம் ஒண்டுக் கடை. அப்புறம் இரண்டு ஷட்டர் வைத்த சொந்தக் கட்டடம். ஒரு பக்கம் எண்ணெய், மறுபக்கம் சின்ன கேஸ் சிலிண்டர் நிரப்புகிற அறை. யார் கையையும் எதிர்பார்க்காமல் இவ்வளவு தூரம் வருவது சாமானியம் இல்லை. பட்டம் வாங்கியவர்கள் பத்து பேர் சேர்ந்து கடை திறந்தாலும் ஆறு மாதத்தில் பூட்டைத் தொங்கவிட்டுப் போவதை அந்தத் தெரு எத்தனையோ தடவை பார்த்திருக்கிறது. இவர் கடை மட்டும் பூட்டவில்லை. காரணம் அந்தத் தளும்பல்தான்.

அந்தக் குளிர்காலத்தில் கேஸ் அறைக்குப் புது மோட்டார் பம்பு வந்தது. மாட்டிக் கொடுத்த மெக்கானிக் தராசைக் காட்டி, "இந்தக் கோடு வந்ததும் நிறுத்திடணும். உள்ள முழுசா ரொப்பக் கூடாது. மேல கொஞ்சம் காலியா இருக்கணும்" என்றான்.

"காலியா இருக்கிறதை விக்கிறதுக்கா கடை வெச்சிருக்கேன்?" என்றார் தளும்பல்காரர்.

"பெரியவரே, எல்லாரும் அப்படித்தான் ரொப்புவாங்க."

"எல்லாரும்தான் கட்டைவிரலையும் உள்ள விடறான்."

மெக்கானிக் சிரித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஏன் காலி விட வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வது அவர் வழக்கத்திலேயே இல்லை. எல்லாவற்றையும் கையாலேயே கற்றுக்கொண்ட மனிதர்.

கடைக்கு வருகிற பொதுஜனத்துக்குக் கோடு வரைக்கும்தான். அதிகாரி வந்தால் வம்பு என்ற பயம். ஆனால் மனசுக்குப் பிடித்தவர்கள் வந்தால் தராசின் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பம்பு திணறிச் சத்தம் மாறுகிற வரைக்கும் விடுவார். அந்தக் குளிர்காலத்தில் அப்படி நிரப்பியது மூன்று பேருக்கு. ஒருவர் பேப்பர் ஏஜெண்டு. அவர் இவருடைய சைக்கிள் காலத்துச் சிநேகிதர். இன்னொருவர் பக்கத்துச் சந்தில் குடியிருந்த தையல்காரம்மா. வீட்டைக் காலி செய்துகொண்டு வெளியூரில் இருக்கிற மகனிடம் போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"மாடில தனி ரூம் குடுத்திருக்கானாம்ணே. தகரக் கூரைதான், ஆனா காத்து வரும். இந்த சிலிண்டரைத் தொட மாட்டேன். மருமக என்னிக்காவது மூஞ்சியத் தூக்கினா அன்னிக்கு எடுத்துப் பத்த வெச்சுக்குவேன்."

"அப்ப நிறைய இருக்கட்டும். தெம்பா இரு" என்று சொல்லி, வழியனுப்புகிற அன்பில் ரொப்பிக் கொடுத்தார்.

மூன்றாவது, அவர் மகளுக்கு.

மகள் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். "உங்க கடைல உக்காந்து ஈ ஓட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே சொந்தமாக டீக்கடை போட இடம் பிடித்துவிட்டாள். நாலு கம்பம், மேலே தார்ப்பாய், ஒரு மேடை, ஒரு அடுப்பு. தளும்பல்காரர் வெளியே திட்டினார். உள்ளுக்குள் குளிர்ந்துபோனார். அடுப்புக்கு ஒரு சிலிண்டர் ஏற்கெனவே இருந்தது. மாற்று சிலிண்டர் அப்பாவின் சீர்.

ஒரு பழைய சிலிண்டரை எடுத்துத் துருவைத் தானே தேய்த்தார். வெள்ளி நிறத்தில் பெயின்ட் அடித்தார். மறுநாள் அதற்கு மேல் இன்னொரு பூச்சு. கழுத்துப் பக்கத்தில் ஊசித் துளை போட்ட சின்னப் பித்தளைக் குமிழ் ஒன்று இருந்தது. எதற்கு என்று அவருக்குத் தெரியாது. பெயின்ட் அதையும் சேர்த்து மூடியது. பார்க்கப் புதுசு போல் பளபளவென்று இருந்தது. அதற்குப் பிறகு பம்பைப் போட்டார். தராசைத் திரும்பியே பார்க்கவில்லை.

கடை திறப்பதற்கு முந்தின நாள் மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். ஒல்லியான ஆள். மாமனார் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார், அன்றைக்கு மட்டும் ஆட்டவில்லை. சிலிண்டரை ஓரமாக வைக்கலாம் என்று தூக்கியவர் அப்படியே நின்றார். இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். காதை ஒட்டி வைத்துக்கொண்டு மறுபடியும் ஆட்டினார்.

"மாமா, இதுல சத்தமே வரலையே."

"எதுக்கு வரணும்? குறை இருந்தாத்தான் சத்தம் வரும்."

"களக் களக்குன்னு ஒரு சத்தம் கேக்கணும் மாமா. உள்ள தளும்பறதுக்கு இடம் இருந்தாத்தானே தளும்பும்? இது கல்லு மாதிரி இருக்கு."

"தளும்பல்காரன் ரொப்பினது தளும்பலையாம்! கேட்டியா உன் புருஷன் சொல்றதை?" என்றார் மகளைப் பார்த்து.

மாப்பிள்ளை விடவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"சினிமாக் கொட்டகைய நினைச்சுப் பாருங்க மாமா. அவங்கவங்க சீட்டுல அவங்கவங்க. கை காலை அசைப்பாங்க, இடத்தை விட்டுப் போக மாட்டாங்க. கெட்டியான பொருளுக்குள்ள துகள் எல்லாம் அப்படித்தான் உக்காந்திருக்கும். இரும்பு, கல்லு, குளிருக்கு உறைஞ்சு போற உங்க தேங்காய் எண்ணெய், எல்லாம்."

"படம் மொக்கைன்னா எந்திரிச்சுப் போயிடுவானே?"

"போனான்னா உருகிடுச்சுன்னு அர்த்தம்." மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடுத்தது, காலைல வர்ற பஸ்ஸு. நெருக்கியடிச்சு நிக்கிறாங்க. ஆனா நழுவி நழுவி, ஒருத்தர ஒருத்தர் தாண்டி, வாசலுக்கு வந்துடறாங்க இல்லையா? அது திரவம். இடம் மாறும், நெருக்கம் குறையாது. மூணாவது, பெல் அடிச்சதும் மைதானத்துல ஓடுற பசங்க. ஒருத்தனுக்கும் இன்னொருத்தனுக்கும் நடுவுல இடமோ இடம். அது வாயு. அந்தப் பசங்கள ஒரு மூலைல ஒதுக்கிடலாம். பஸ்ல நிக்கிறவங்கள எங்க ஒதுக்குவீங்க?"

"சரி, சிலிண்டருக்கும் பஸ்ஸுக்கும் என்ன மாப்பிள்ளை சம்பந்தம்?"

"இதுக்குள்ள இருக்கிறது பஸ் கூட்டம் மாமா. பேருதான் கேஸு, அழுத்தித் திரவமா வெச்சிருக்காங்க. வெயில் ஏறினா கூட்டத்துல ஒவ்வொருத்தனும் கையைக் காலை வீச ஆரம்பிப்பான். ஆளுக்குத் துளி இடம் கூடுதலா வேணும். மேல காலியா விட்டிருந்தா அங்க நாலு பசங்க ஓடிட்டிருப்பாங்க. அவங்கள ஒதுக்கிட்டுக் கூட்டம் நகரும். நீங்க அந்தக் காலி இடத்தையே விடலை. கூட்டம் எங்க போகும்?"

"மாப்பிள்ளை, நான் படிக்கட்டுல தொங்கிட்டுப் போன பஸ்ஸு எத்தனை தெரியுமா? உள்ள மூச்சு விட முடியாது. அப்பவும் கண்டக்டர், இன்னும் பத்து பேர் ஏறுன்னுவான். ஏத்தவும் செய்வான்."

"அந்த பஸ்ஸுக்கு ஜன்னல் இருந்துச்சு மாமா."

வெள்ளிப் பூச்சில் விளக்கு வெளிச்சம் மினுங்கிக்கொண்டிருந்தது. மகள்தான், "உங்க பாடத்தை ஸ்கூலோட விட்டுட்டு வாங்க. எங்கப்பா அளந்ததுல இதுவரைக்கும் யாரு குறை சொல்லியிருக்கா?" என்று புருஷனை அடக்கினாள். "காலைல கொஞ்சமாவது எடுத்து விட்டுடுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. "ஆகட்டும்" என்றார் மாமனார். அவர் அப்படிச் சொன்னால் செய்ய மாட்டார் என்பது வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரியும்.

விடியற்காலையில் இன்னும் குளிர் இருந்தது. சிலிண்டரைத் தானே மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மகளின் கடையில் இறக்கினார். தார்ப்பாய்க்கு வெளியே, கம்பத்தை ஒட்டி, போகிற வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி நிறுத்தினார். அப்பன் வீட்டுச் சீர் நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? "எதுக்குப்பா வெளிய?" என்றாள் மகள். "இருக்கட்டும். அழகா இருக்கு" என்றார்.

கடைக்குத் திரும்பியதும் மகளுக்குக் கொடுக்க ஒரு டின் தேங்காய் எண்ணெய் எடுத்து வைத்தார். குளிரில் எண்ணெய் வெண்ணெயாக உறைந்திருந்தது. கரண்டியால் வெட்டி வெட்டி எடுத்து, இண்டு இடுக்கு விடாமல் திணித்தார். புது மாதிரி டின். ரப்பர் வளையம் வைத்துத் திருகுகிற மூடி. அமுக்கித் திருகி மூடி, வாசல் படியில் வைத்துவிட்டு வியாபாரத்தைக் கவனிக்கப் போனார்.

அந்தக் குளிர்காலம் அன்றைக்குத்தான் முடிந்தது. நேற்று வரைக்கும் இதமாக இருந்த வெயில் ஒரே நாளில் முகத்தில் அறைந்தது. வந்த ஆட்கள் எல்லாம், "என்னண்ணே, இன்னிக்குப் போட்டுத் தாக்குது!" என்று சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே பேசினார்கள். தெருநாய் எழுந்து நிழலுக்கு மாறிப் படுத்தது. நிழல் நகர, நாயும் நகர்ந்தது.

வாசலில் 'டக்' என்று ஒரு சத்தம்.

யாரோ கல் எறிந்தார்கள் என்று நினைத்தார். வெளியே வந்து பார்த்தார். படியில் டின்தான் இருந்தது. ஆனால் நேராக நிற்கவில்லை. தட்டையாக இருந்த அடிப்பக்கம் வெளியே உப்பி, பானையடி மாதிரி ஆகியிருந்தது. காற்றுப் பட்டதும் லேசாக ஆடியது. தொட்டுப் பார்த்தார். சுட்டது. உள்ளே எண்ணெய் உருகி நீராகியிருந்தது. டின்னைத் தூக்கி ஆட்டினார்.

சத்தம் வரவில்லை.

எண்ணெய் உருகினால் பொங்கும் என்பது அவருக்குத் தெரியாத சங்கதி இல்லை. காலம் முழுக்கக் குளிர்நாளில் விளிம்பு வரை நிரப்பிய குப்பிகளில் மதியத்துக்கு எண்ணெய் கசியும். "எண்ணெய் மூச்சு விடுது" என்று சொல்லித் துணியால் துடைத்துவிட்டுப் போவார். தக்கை இளகிக் கொடுக்கும். வழிகிறது வழியும், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அத்தனை வருஷத் தளும்பலும் யாரையும் ஒன்றும் செய்யாமல் போனது அந்த இளகலால்தான். இந்த டின்னின் மூடி இளகவில்லை. சிலிண்டருக்கோ மூடி என்ற பேச்சே இல்லை. பித்தளைக் குமிழில் ஒரு ஊசித் துளை இருந்தது. உள்ளே இருப்பது மூச்சு விடத்தான் அது என்று இப்போது அவருக்குத் தெரிந்தது. அதன் மேல் இரண்டு பூச்சு அடித்தது அவர் கைதான்.

வெளியே, கம்பத்தை ஒட்டி, வெயிலில் அல்லவா நிறுத்திவிட்டு வந்தார்.

மகளுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. திறந்த முதல் நாள், கூட்டத்தில் போனை எடுக்க அவளுக்கு ஏது கை? மறுபடியும் போட்டார். கடையை அப்படியே திறந்துபோட்டுவிட்டு வண்டியில் ஏறினார். அவர் கடையை ஆளில்லாமல் விட்டதை அந்தத் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது.

வழியெல்லாம் வெயில். தகரப் பலகைகள், கார்க் கண்ணாடிகள், டீசல் டாங்கு ஏற்றிய லாரி ஒன்று, எல்லாம் அவருக்குப் பயம் காட்டின. மூடி வைத்த ஒவ்வொரு சாமானும் உள்ளே எதையோ அடக்கிக்கொண்டு இருக்கிற மாதிரி தெரிந்தது. சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற பேருந்தைப் பார்த்தார். நெருக்கியடித்துக்கொண்டு நின்றவர்கள் ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டிருந்தார்கள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

மகள் கடையில் கூட்டம் அலை மோதியது. வெயிலுக்குப் பயந்து, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் அந்தத் தார்ப்பாய் நிழலுக்குள் வந்து ஒண்டியிருந்தார்கள். கையில் டீ. தோளோடு தோள். கம்பத்தடியில் வெள்ளிச் சிலிண்டர் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. ஒரு கிழவர் அதன் மேல் கையை வைத்து, சுட்டதும் உதறிக்கொண்டு, "அடேயப்பா!" என்றார்.

தளும்பல்காரர் அதன் அடியைத்தான் பார்த்தார். கீழ் வளையம் தரையில் படியவில்லை. அடி உப்பியிருந்தது. யாரோ செருப்புக் காலால் இடித்ததும் லேசாக ஆடியது.

"எல்லாரும் போங்க! தள்ளிப் போங்க, கலைஞ்சு போங்க!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஒருவரும் நகரவில்லை.

"யாருய்யா இது, காலங்காத்தால போட்டுட்டு வந்துட்டாரா?" என்றான் ஒருவன். சிரிப்பு.

"டீக்கு சர்க்கரை பத்தலைன்னு சத்தம் போடறாரு" என்றான் இன்னொருவன்.

அவர் மேடைக்குள் புகுந்து அடுப்பை அணைத்தார். அதில் மாட்டியிருந்த சிலிண்டரின் வால்வைத் திருகி மூடினார். மகள் பால் கரண்டியோடு திரும்பினாள். முகம் சிவந்துவிட்டது.

"அப்பா! முதல் நாள் வியாபாரத்துல என் ஆளுங்களையே விரட்டறீங்களா? என்னப்பா ஆச்சு உங்களுக்கு?"

"அந்த சிலிண்டரு."

"அதுக்கு என்ன? அவரு சொன்னதை நினைச்சுப் பயந்துட்டீங்களா? நீங்க அளந்தது தப்பாகுமா?"

பட்டினி கிடந்த நாளில் அவர் பயந்ததில்லை. தடியடிக்கு நடுவே மண்ணெண்ணெய் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோதும் பயந்ததில்லை. இப்போது சொல்ல வேண்டிய வார்த்தைக்குப் பயந்தார். சொல்லாவிட்டால் அவள் நகர மாட்டாள். அவரைப் போலத்தானே பிறந்திருக்கிறாள்!

"தப்பா அளந்துட்டேம்மா," என்றார். "நான்தான் தப்பா அளந்துட்டேன்."

மகள் கையிலிருந்த கரண்டி மேடையில் விழுந்தது. பிறந்ததிலிருந்து அப்பன் வாயில் கேட்காத பேச்சு. மேடையிலிருந்து குதித்து, முன்னால் நின்ற கிழவரின் கையைப் பிடித்து இழுத்தாள். "ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க! எங்கப்பாவே சொல்லிட்டாரு!" அவள் குரலில் இருந்தது அவர்களுக்குப் புரிந்தது. ஒருவன் ஓடினான். அவனைப் பார்த்துப் பத்து பேர் ஓடினார்கள். டம்ளர்கள் உருண்டன. ஒட்டிக்கொண்டு நின்ற கூட்டம் பிய்ந்து, சாலையெங்கும் சிதறி, ஆளுக்கொரு திசையாகப் போனது, பெல் அடித்த மைதானம் மாதிரி.

எதிரே அச்சகத்துச் சுவருக்குப் பின்னால் அப்பாவும் மகளும் பதுங்கினார்கள். காத்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. வெறிச்சோடிய கடையில் தார்ப்பாய் மட்டும் படபடத்தது.

கொஞ்ச நேரத்தில் அங்கங்கே தலைகள் எட்டிப் பார்த்தன. "என்னய்யா, ஒரு வெடியையும் காணோம்!" என்று ஒருவன் கத்தினான். விட்டுப்போன பையை எடுக்க ஓர் ஆள் சாலையின் பாதி வரை வந்துவிட்டான். வாயில் பீடி. தீப்பெட்டியைத் தேடிச் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தான்.

"போகாதே! பத்த வெக்காதே!" தளும்பல்காரர் சுவரை விட்டு ஓடி, அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

அப்போதுதான் கேட்டது. காலையில் வாசலில் கேட்ட அதே 'டக்'. அதற்கு அப்புறம் கேட்டதை அவர் காது கேட்கவில்லை, நெஞ்சுதான் கேட்டது.

கம்பம் முறிந்து தார்ப்பாய் பறந்தது. வெள்ளையாக ஒரு புகை மூட்டம் எழுந்து, மேலே போகாமல் தரையோடு தரையாகப் படர்ந்தது. சாக்கடையில் இறங்கியது, மேடை அடியில் நுழைந்தது. எதையோ தேடுகிற மாதிரி அவர் காலைத் தொட்டுவிட்டுப் போனது. சில்லென்று இருந்தது. அந்த ஆளின் கையிலிருந்த தீப்பெட்டியை அவர் தட்டிவிட்டு மிதித்துக்கொண்டு நின்றார். மூட்டம் மெல்ல மெல்ல மெலிந்து, கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. நெருப்பு இல்லாததால் எல்லாரும் பிழைத்தார்கள்.

சிலிண்டர் கிழிந்த சட்டை போல் விரிந்து கிடந்தது. அந்தக் கொளுத்துகிற வெயிலில் அதன் உள்பக்கம் பூராவும் வெண்பனி பூத்திருந்தது. மகள் அவர் தோளை உலுக்கி என்னவோ சொன்னாள். வாய் அசைந்தது தெரிந்தது. வலது காது அன்றைக்குப் போனதுதான், திரும்பவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். "நான் சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனுஷன் என்றால் அவர் மனுஷன். மாமனார்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க மாப்பிள்ளை, பேப்பர்காரன் வீட்டுக்குப் போகணும்" என்றார். பேப்பர் ஏஜெண்டின் சிலிண்டர் கட்டிலுக்கு அடியில், குளிர்ந்த தரையில் கிடந்தது. மாப்பிள்ளை தூக்கி ஆட்டினார். இவர் இடது காதை ஒட்டி வைத்துக் கேட்டார். சத்தம் இல்லை. ஈரச் சாக்கில் சுற்றி, ஆளரவம் இல்லாத பொட்டலுக்குக் கொண்டுபோய், வால்வை மயிரிழை திறந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போகவிட்டார்கள். ஆட்டினால் களக் களக் என்று கேட்கும் வரை. வாழ்நாளில் முதல் தடவையாக அளந்ததைக் குறைத்தார்.

"அவ்வளவுதானே மாமா? வேற யாருக்கும் இல்லையே?" என்றார் மாப்பிள்ளை.

அவர் விறுவிறுவென்று நடந்தார். பக்கத்துச் சந்தில், தையல்காரம்மா இருந்த வீட்டில் வேறு குடும்பம் குடியிருந்தது. "அவங்க போயி எத்தனை நாளாச்சு! எந்த ஊருன்னு சொல்லலையே" என்றார்கள். அவள் கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் போட்டால், அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொன்னது. பஞ்சு விற்கிறவனைக் கேட்டார், பட்டன் கடைக்காரனைக் கேட்டார். மகன் பேரைக்கூட யாரும் தெரிந்துவைத்திருக்கவில்லை. அவள் சிலிண்டரில் பித்தளைக் குமிழ் இருந்ததா என்றுகூட அவருக்கு நினைவில்லை.

இப்போது அவர் கடையில் எந்தச் சிலிண்டரும் ஆட்டிப் பார்க்காமல் வெளியே போகாது. நல்ல காதை ஒட்டி வைத்துக் கேட்பார். உள்ளே தளும்பினால்தான் கொடுப்பார். வியாபாரம் குறையவில்லை. கூடியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் வெயில் சுள்ளென்று ஏறுகிற நேரத்தில், கல்லாவில் ஆளை உட்கார வைத்துவிட்டு, வாசலில் வந்து நிற்பார். இடது காதை வெளியே திருப்பிக்கொண்டு, தெருக்கோடியில் தெரிகிற மாடிகளின் தகரக் கூரைகளையே பார்ப்பார். அவள் போனது வெளியூர் என்பது தெரியும். இருந்தாலும் பார்ப்பார். எங்கேயோ ஒரு தகரக் கூரைக்குக் கீழே, தொடாமல், பத்திரமாக, அவர் அன்பாக நிரப்பிக் கொடுத்தது ஒரு சத்தமும் போடாமல் நின்றுகொண்டிருக்கிறது.